குறைந்தால் கூட்ட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் உணவுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன கீரையும் பழமும் நல்லவைதான், மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தி என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி, நிரப்ப நிரப்ப நல்லது என்ற எண்ணம் கட்டுரை முழுக்க ஓடுகிறது. போன வருடம் எங்கள் வீட்டிலும் இதே எண்ணம்தான் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரி லேப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் மேகநோய் (சிபிலிஸ்) இருக்கிறதா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனை செய்யும் முன் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, 56 டிகிரி சுடுநீரில் அரை மணி நேரம் வைப்போம். சேர்ந்த புதிதில் ஏன் என்று கேட்டேன். "காம்ப்ளிமென்ட்டைச் சாகடிக்க" என்றார் மூத்தவர் ஒருவர். அத்தோடு சரி. அது என்னவென்று நானாகத் தேடிப் படிக்கப் பல வருடம் ஆனது.

1895-இல் பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் ஜூல் போர்டே என்ற பெல்ஜியக்காரர் கண்டது இது: தடுப்பூட்டிய பிராணியின் சீரம் காலரா கிருமியைக் கொல்லும். அதையே 55 டிகிரிக்குச் சூடாக்கினால் கொல்லாது. அதோடு, தடுப்பு எதுவும் பெறாத வேறொரு பிராணியின் புதுச் சீரத்தைக் கொஞ்சம் சேர்த்தால் மறுபடி கொல்லும். அப்படியென்றால் தடுப்பூட்டியதால் உண்டாகும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மட்டும் போதாது. சூடு தாங்காத இன்னொன்று எல்லார் இரத்தத்திலும் எப்போதும் இருக்கிறது. எதிர்ப்பொருளின் வேலையை முழுமையாக்குவது என்ற பொருளில் ஜெர்மன் விஞ்ஞானி பால் ஏர்லிக் அதற்குக் காம்ப்ளிமென்ட் என்று பெயர் வைத்தார். போர்டேவுக்கு 1919-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நமக்குத் தெரியும், இது ஒரே பொருள் அல்ல. 30-க்கும் மேற்பட்ட புரதங்கள். பெரும்பாலும் கல்லீரலில் உருவாகி, இரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கிருமி வந்ததும் ஒன்று விழித்து அடுத்ததை வெட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை. நடுவில் நிற்பது சி3 என்ற புரதம். அதன் ஒரு துண்டு கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். செம்பனை வெட்டுகிறவர் குலைக்காம்பில் தன் நம்பரை எழுதி வைப்பாரே, அந்த மாதிரி ஓர் அடையாளம். வெள்ளணுக்கள் அதைப் பார்த்துக் கிருமியை விழுங்கும். வரிசையின் கடைசிப் புரதங்கள் சேர்ந்து சிலவகைக் கிருமிகளின் தோலில் ஓட்டையே போட்டுவிடும். தண்ணீர் உள்ளே புகுந்து கிருமி வெடிக்கும். இந்தக் கடைசிப் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே இல்லாதவர்களை மூளை உறைக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி திரும்பத் திரும்பத் தாக்கும்.

இவ்வளவு வேகமுள்ள ஒன்றுக்கு பிரேக் வேண்டாமா? நம் உடம்பை இது தாக்காமல் தடுக்கவும் தனிப் புரதங்கள் உண்டு. எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலுக்குத் தோட்டத்தில் பயப்படாதவர் இல்லை. அந்த லெப்டோஸ்பைரா கிருமி, நம் இரத்தத்தில் உள்ள பிரேக் புரதத்தையே எடுத்துத் தன்மேல் ஒட்டிக்கொண்டு தப்பிக்கிறது.

என் பேரனுக்கு வயது ஏழு. மழைக்காலத்தில் கொசுக்கடியைச் சொறிந்து காலெல்லாம் புண். அது ஆறியது, நாங்களும் மறந்துவிட்டோம். சில வாரம் கழித்து ஒரு காலையில் முகம் வீங்கி எழுந்தான். சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. புண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். சோதனைத் தாளில் சி3 மிகவும் குறைவு.

"எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிடுச்சா அப்பா? கூட்டுறதுக்கு ஏதாவது கொடுக்கணுமா?" என்று மகள் அழுதாள். தெரிந்தவர் ஒருவரிடம் நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து ஏதோ பவுடர்கூட வாங்கி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? எங்கு பார்த்தாலும் அப்படித்தானே எழுதியிருக்கிறது. சி3 குறைந்தது உடம்பில் சக்தி இல்லாததால் அல்ல. சிறுநீரக வடிகட்டிகளில் படிந்த கிருமிப் பொருளின் மேல் காம்ப்ளிமென்ட் மூண்டு, அங்கேயே செலவாகிக்கொண்டிருந்ததால். காம்ப்ளிமென்ட் அடங்க வேண்டிய நேரம் அது. உப்பைக் குறைத்தார்கள், மருந்து கொடுத்து அழுத்தத்தை இறக்கினார்கள். பவுடர் டின்னை மகள் திறக்கவே இல்லை. எட்டாவது வாரம் எடுத்த இரத்தத்தில் சி3 பழைய அளவுக்கு வந்துவிட்டது. பையன் இப்போது பந்து விளையாடுகிறான்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'கூட்டும்' என்று எழுதும் இடங்களில் எதைக் கூட்டும், அது கூடுவது நல்லதா என்று கட்டுரையாளரைக் கேளுங்கள். அப்புறம், அதே பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: பிள்ளைகளுக்குச் சிரங்கோ தொண்டை வலியோ வந்து ஆறிய ஒன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் முகம் வீங்கினாலோ, சிறுநீர் தே-ஓ நிறத்தில் போனாலோ, அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள் என்று. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உங்கள் பத்திரிகையை ஒருவர் வாங்கினால் நாலு வீட்டில் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் பணியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.