அண்டாவில் பெயர் இருக்கிறது, மடிக்கணினியில் இல்லை

அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வாங்கி அனுப்பும் அலுவலர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் எங்கள் கணினி ஆய்வகத்தின் பூட்டை உடைத்த விவரம் உங்களுக்குத் தெரியும்; மூன்று முறை எழுதியிருக்கிறோம். 11 மடிக்கணினி, ஒரு ப்ரொஜெக்டர், அப்புறம் கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி. திருடனைப் படம் பிடிக்க வைத்த பெட்டியைத் திருடனே தூக்கிப் போனதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, "சீரியல் நம்பர் என்ன?" இருப்புப் பதிவேட்டைக் காட்டினேன். "மடிக்கணினி, கறுப்பு - 11" என்று இருந்தது. நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டிலும் அவ்வளவுதான். எண் அச்சாகியிருந்தது அட்டைப்பெட்டிகளில். இடத்தை அடைக்கிறதென்று அவற்றை எடைக்குப் போட்டது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, பக்கத்து ஊர்க் கடையில் பிடித்தவற்றை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். மேசைமேல் 14 இருந்தன. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாடல். அடியில் இருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். பசையில் அழுக்கு அப்பியிருந்தது. நாங்கள் மார்க்கரில் போட்ட எண்கள் தின்னர் தொட்டுத் துடைத்ததில் போயிருந்தன. எங்களுடையது என்று ஒன்றின் மேல்தான் கைவைக்க முடிந்தது. அதன் அடியில் பிளஸ் ஒன் பையன் ஒருவன் காம்பஸ் முனையால் தன் இனிஷியலையும் ஒரு நட்சத்திரத்தையும் கீறியிருந்தான். அரசுச் சொத்தைப் பாழாக்கினான் என்று அவன் அப்பாவை வரவழைத்து மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியது நான்தான். அந்தக் கடிதத்தைத்தான் கோப்பிலிருந்து எடுத்து ஆதாரமாகக் கொடுத்தேன்.

மற்றவற்றை இயக்கிப் பார்த்தால், தயாரிப்பாளர் போட்ட எண் பயாஸில், அதாவது கணினியை முதலில் எழுப்பும் உள் மென்பொருளில், அப்படியே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை அழித்தாலும் அது போகாது. ஒப்பிடத்தான் எங்களிடம் பட்டியல் இல்லை. உங்களிடம் கேட்டேன். பட்டியல் வரவில்லை, பொறுப்பாசிரியர் சம்பளத்தில் ஏன் பிடிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

ஆகவே கேட்பது இதுதான்: ஒவ்வொரு கருவியின் உடம்பிலும் பள்ளிக்கு அரசு கொடுத்திருக்கும் 11 இலக்க அடையாள எண்ணை, அதாவது யுடைஸ் எண்ணை, பொறித்து அனுப்புங்கள். அலுவலக உபயோகத்துக்கென்று விற்கும் மடிக்கணினிகளின் பயாஸில் உடைமையாளர் தன் அடையாள எண்ணை எழுதிவைக்க அசெட் டேக் என்று ஓர் இடம் இருக்கும். அதிலும் அதே எண்ணை ஏற்றுங்கள். சீரியல் எண் பட்டியலில் ஒரு படி எங்களுக்கு, ஒரு படி உங்களுக்கு.

பொறித்தால் வாரண்டி போய்விடும் என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். 2011இல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் அரசு முத்திரை இருந்ததே, அதனால் வாரண்டி போயிற்றா? ஆர்டரிலேயே எழுதினால் தயாரிப்பாளரே போட்டுத் தருவார். செல்போன் தொலைந்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கச் சொல்லலாம். சிம் போடாத மடிக்கணினிக்கு அந்த வசதி கிடையாது. நாம் போடும் அடையாளம்தான்.

ஒருநாள் எங்கள் சத்துணவுக் கூடத்துக்கு வாருங்கள். அண்டா முதல் கரண்டி வரை பள்ளிப் பெயர் வெட்டியிருக்கிறது. என் அம்மாவுக்குச் சீராக வந்த சொம்பில் வெட்டிய பெயர் 40 வருடமாகப் புளி போட்டுத் தேய்த்தும் அழியவில்லை. பாத்திரக் கடைக்காரருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போனதெப்படி? சோற்றுக் கரண்டி பத்திரமாக இருக்கிறது, கணினிதான் அனாதை. இரவுக் காவலர் பணியிடம் எத்தனை வருடமாகக் காலி, ஜன்னல் கம்பி யார் கணக்கில் துருப்பிடிக்கிறது என்றெல்லாம் தொடங்கினால் இந்த மடல் முடியாது. சரி, விடுங்கள். கோபத்தில் கூடுதலாகப் பேசியிருந்தால் மன்னிக்கவும்.

ஜூனில் எங்களுக்குப் புதிதாக 20 மடிக்கணினிகள் வருவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அவை லாரியில் ஏறும் முன்பே எண்ணைப் பொறித்து, பட்டியலோடு அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் அதை எழுத்தில் தெரிவித்து, நாங்களே பொறித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். கடைத்தெருவில் பெயர் வெட்டுபவரிடம் பேசி வைத்திருக்கிறேன். செலவு என்னுடையது.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி