பேட்டரியைச் சோதித்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போனால் கடையில் '150 ஆம்பியர் ஹவர்' (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தரும் என்ற அளவு) என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது எத்தனை மணி நேரத்தில் பேட்டரியைத் தீர்த்துப் பார்த்த கணக்கு என்று யாரும் சொல்வதில்லை. 20 மணி நேரக் கணக்கு என்றால் 7.5 ஆம்பியர் வீதம் மெதுவாக இழுத்தால்தான் அந்த 150 கிடைக்கும். சென்னையில் மே மாதப் புழுக்கத்தில் கரண்ட் போய், மூன்று ஃபேன், லைட், டிவி எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர் இழுத்தால், கணக்குப்படி வர வேண்டிய ஐந்து மணி நேரத்துக்கு முன்பே படுத்துவிடும். இந்தக் குறைவைக் கணக்கிடும் சூத்திரத்தை பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே தந்துவிட்டார், கடைக்காரர்களுக்கு இதைச் சொல்ல இன்னும் என்ன தயக்கம்?

அப்புறம், வெறும் வோல்ட் மீட்டரை வைத்து 'நல்லா இருக்கு' என்று சொல்வதை நிறுத்த வேண்டும். சும்மா இருக்கும்போது முழு சார்ஜ் போல 12.6 வோல்ட் காட்டும் பழைய பேட்டரி, லோடு கொடுத்ததும் சரிந்துவிடலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில் பாதி தீர்ந்தாலும் வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். முழுதாக சார்ஜ் செய்து, ஒரே கரண்டில் இறக்கி, எவ்வளவு நேரம் தாங்கியது என்று பார்ப்பதுதான் சோதனை. பழைய பேட்டரி விற்பவர்கள் அந்த அறிக்கையை பில்லோடு தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கட்டும்.

ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை