பிரெஞ்சு இலக்கியம் படிக்க விரும்பும் மாணவர்களின் பெற்றோருக்கு

புதுச்சேரி

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளைகளில் சிலர் பிரெஞ்சு இலக்கியம் படித்துக் கல்லூரிப் பேராசிரியராக வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பிரெஞ்சில் 95 மார்க் வந்திருக்கிறதே என்று அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். பாடப்புத்தகத்தை ஒழுங்காக மனப்பாடம் செய்தாலே அந்த மார்க் வந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கின் நாவலில் ஒரு பக்கம் படிக்க அது போதாது.

பிரெஞ்சு மொழித்திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வின் பி2 நிலைதான் சரியான அளவுகோல். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே இறங்கக் கூடாது. எழுத்துப் பகுதியில் ஒரு மணி நேரத்துக்குள் 250 சொற்களில் வாதம் கட்ட வேண்டும். மனப்பாடம் கைகொடுக்காத இடம் அது. வாங்கிய சான்றிதழ் காலாவதியாகாது. பி.ஏ. முடிவதற்குள் இதைத் தாண்டாதவர்கள் எம்.ஏ. வகுப்பில் அகராதியைப் புரட்டுவதிலேயே காலத்தைக் கழிப்பார்கள்.

எம்.ஏ. படிக்கப் புதுச்சேரி, சென்னைப் பல்கலைக்கழகங்கள், டெல்லி ஜே.என்.யு., ஹைதராபாத் இஃப்ளு (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) என இடங்கள் உள்ளன. எம்.ஏ.-வில் 55 சதவீதம் எடுத்தவர், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதலாம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50). மூன்று மணி நேரம், 150 கேள்விகள், 300 மார்க். தவறான விடைக்கு மார்க் குறையாது, எனவே எதையும் விட்டுவைக்கக் கூடாது. அதில் மேல் மதிப்பெண் பெறுவோருக்கான ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். முனைவர் பட்டத்துக்கு 3 முதல் 6 ஆண்டுகள். பிளஸ் டூவிலிருந்து கூட்டிப் பாருங்கள்: குறைந்தது எட்டு ஆண்டுகள், பத்தைத் தாண்டவும் கூடும்.

ஆய்வில் பலர் சறுக்குவது தலைப்பில். 'பிரெஞ்சு நாவல்களில் பெண்கள்' என்று பதிவு செய்தால் மூன்றாம் ஆண்டிலும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஓர் ஆசிரியர், இரண்டு மூன்று நாவல்கள், ஒரே கேள்வி என்று சுருக்கினால்தான் ஆய்வேடு முடியும்.

நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்சில் முக்கியமாக மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் அக்ரெகாசியோன் என்னும் போட்டித் தேர்வு ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களுக்கே. இந்தியக் குடியுரிமை மட்டும் உள்ள பிள்ளைகள் எழுத முடியாது. நவீன இலக்கியப் பிரிவில் ஒரே கட்டுரைக்கு 7 மணி நேரம். இடைக்காலப் பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கு இந்தக் குடியுரிமைத் தடை இல்லை. ஆனால் முனைவர் பட்டம் வேண்டும், இடங்களும் குறைவு. அக்ரெகாசியோனும் முனைவர் பட்டமும் இல்லாமலே பிரெஞ்சு இலக்கிய விமர்சகர் ரோலான் பார்த் 1977-ல் பாரிசின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் த பிரான்ஸில் பாடம் நடத்தத் தொடங்கவில்லையா என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். இளவயதில் காசநோய் அவர் படிப்பைக் குலைத்தது. அந்தக் கொலேஜும் பட்டம் பார்த்து ஆள் எடுக்கும் இடமல்ல. அவரை முன்மாதிரியாகக் கொண்டு திட்டம் போட முடியாது.

விண்ணப்பிக்கும் முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் மோப்பசான் சிறுகதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கதையை ஒரு வாரத்தில் படித்துவிட்டுத் தமிழில் உங்களிடம் சொல்லட்டும். அடுத்த கதையைத் தானாகவே தேடிப் போகும் பிள்ளை என்றால், எங்கள் பிரெஞ்சு ஆசிரியரை வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்