டக் ஆஃப் வார் ஆல்பத்தோட 1982 மிக்ஸ் எங்க சார் போச்சு?

பழைய ஆல்பங்களை டப்பா மாத்தி மாத்தி மறுபடி வெளியிடுற ரெக்கார்டு கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

பீட்டில்ஸ்ல இருந்த பால் மெக்கார்ட்னியோட டக் ஆஃப் வார் ஆல்பம் பத்தித்தான் இந்த மடல். இப்ப போன்ல அந்த ஆல்பத்தைத் தேடினா ஒவ்வொரு பாட்டு பேருக்கும் பக்கத்துல '2015 ரீமிக்ஸ்'னு ஒட்டிக்கிட்டு வருது. அதாவது தனித்தனியா பதிஞ்ச குரலையும் வாத்தியத்தையும் மறுபடி புதுசா கலந்தது. ரீமிக்ஸ் மோசம்னு சொல்ல வரல, நல்லா கழுவித் துடைச்ச மாதிரி பளிச்சுன்னுதான் இருக்கு. ஆனா நான் தேடினது அது இல்ல. பீட்டில்ஸோட பழைய புரொட்யூசர் ஜார்ஜ் மார்ட்டின் தயாரிச்சு, ஜெஃப் எமரிக் இன்ஜினியரா உக்காந்து முடிச்சுக் குடுத்த, 1982 ஏப்ரல்ல வந்த அந்த மிக்ஸ். அதைக் கேக்கணும்னா 2015ல நீங்க போட்ட விலை கூடின டீலக்ஸ் பெட்டிய வாங்கி அதுல தனி டிஸ்க்ல கேட்டுக்கணும். சாதா எடிஷன் வாங்கினவனுக்கு ரீமிக்ஸ் மட்டும்தான்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. இந்த ஆல்பம் இருக்கிறதே மெக்கார்ட்னியும் மார்ட்டினும் மறுபடி ஒண்ணா உக்காந்ததாலதான் சார்.

பீட்டில்ஸ் கலைஞ்ச பிறகு மெக்கார்ட்னி பெரும்பாலும் தன் ஆல்பங்களுக்குத் தானே புரொட்யூசர். நடுவுல 1973ல ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு 'லிவ் அண்ட் லெட் டை' பண்ணப்ப மார்ட்டின் வந்தாரு, அதோட சரி. 1980ல மெக்கார்ட்னி 2ன்னு ஒண்ணு, எல்லா வாத்தியத்தையும் தனி ஆளா தானே வாசிச்சு முடிச்சாரு. எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனா பக்கத்துல யாராவது ஒருத்தர் "தம்பி, இது போதும், அடுத்ததுக்குப் போ"ன்னு சொல்லியிருக்கலாமேன்னு கேக்கும்போதெல்லாம் தோணும். அப்படிச் சொல்லக்கூடிய உரிமை உலகத்துலயே ரெண்டு மூணு பேருக்குத்தான் இருந்திருக்கும், அதுல ஒருத்தர் மார்ட்டின். பீட்டில்ஸோட ஆரம்ப கால 'லவ் மீ டூ' பாட்டுலேர்ந்து பார்த்த ஆளு, இவர் எவ்ளோ பெரிய ஸ்டாரா இருந்தா அவருக்கென்ன.

ரெண்டு பேரும் லண்டன்ல வேலை ஆரம்பிச்சிருந்த நேரத்துலதான் 1980 டிசம்பர் 8 வந்துச்சு, நியூயார்க்ல மெக்கார்ட்னியோட பீட்டில்ஸ் கூட்டாளி ஜான் லெனனைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. மறுநாளும் மெக்கார்ட்னி ஸ்டூடியோவுக்குத்தான் போனாரு, வீட்ல உக்காந்திருக்க முடியல. அங்க மார்ட்டின் இருந்தாரு. அடுத்த பிப்ரவரில கரீபியன்ல மான்ட்செராட் தீவுல மார்ட்டினோட ஏர் ஸ்டூடியோவுக்குப் போறாங்க, அங்க ஸ்டீவி வொண்டர், கார்ல் பெர்க்கின்ஸ், ரிங்கோ, ஸ்டீவ் கேட், ஸ்டான்லி கிளார்க்னு ஒவ்வொருத்தரா வந்து இறங்குறாங்க. பெர்க்கின்ஸ் யாருன்னா, பீட்டில்ஸ் சின்னப் பசங்களா இருந்தப்ப விழுந்து விழுந்து கேட்ட ஆளு, அவரோட பாட்டுங்களை இவங்க ரெக்கார்டும் பண்ணியிருக்காங்க. (அந்த ஸ்டூடியோவும் இப்ப இல்ல, 1989ல ஹ்யூகோ புயல் அடிச்சுத் தூக்கிடுச்சு.)

'ஹியர் டுடே' கேட்டிருப்பீங்க. செத்துப்போன சிநேகிதன் எதிர்ல உக்காந்திருந்தா என்ன பேசுவோம்னு யோசிச்சு எழுதின பாட்டு. ஒரு கிடார், குரல், கூட நாலு பேர் வாசிக்கிற ஸ்ட்ரிங் குவார்டெட், அவ்ளோதான். 1965ல 'யெஸ்டர்டே'க்கு இதே குவார்டெட் ஐடியாவை மார்ட்டின் சொன்னப்ப மெக்கார்ட்னி முதல்ல தயங்கினாரு, அப்புறம் சரின்னாரு. 17 வருஷம் கழிச்சு அதே ரெண்டு பேர், அதே நாலு வாத்தியம், இந்த தடவை பாட்டு லெனனுக்கு. அந்த வயலின் குரலுக்கு எவ்ளோ பின்னாடி நிக்கணும், செல்லோ எந்த இடத்துல லேசா முன்னாடி வரணும்ங்கிறதுதானே சார் மிக்ஸ், அதைத்தானே அந்த மனுஷன் ராத்திரி பகலா உக்காந்து முடிவு பண்ணியிருப்பாரு, அதைக் கலைச்சுட்டு வேற ஒருத்தர் காதுல புதுசா அடுக்கினா அட்டைல மட்டும் 'தயாரிப்பு ஜார்ஜ் மார்ட்டின்'னு இருந்து என்ன பிரயோஜனம். பாட்டி வச்ச சாம்பார்லேர்ந்து பருப்பு தனி புளி தனின்னு பிரிச்செடுத்து மறுபடி கொதிக்க வச்சு, பாட்டி கைப்பக்குவம்னு போர்டு மாட்டினாப்ல இருக்கு.

இதுல எனக்குப் புரியாத ஒண்ணு, பைப்ஸ் ஆஃப் பீஸ் 1983ல வந்த தங்கச்சி ஆல்பம், அதுல நிறைய பாட்டுங்க இதே செஷன்ல மிஞ்சினதுதான், அதையும் 2015 அக்டோபர்ல இதோட சேர்த்தே விட்டீங்க. அதுக்கு வெறும் ரீமாஸ்டர், அதாவது பழைய மிக்ஸை அப்படியே வச்சு ஒலியை மட்டும் மெருகேத்தினது! அக்காவுக்கு மட்டும் ஏன் மூக்கை மாத்தினீங்க?

ரீமிக்ஸே பண்ணக் கூடாதுன்னு சொல்ற ஆளு நான் இல்ல. பீட்டில்ஸோட சார்ஜன்ட் பெப்பர் ஆல்பத்தை மார்ட்டினோட பையன் ஜைல்ஸ் 2017ல புதுசா மிக்ஸ் பண்ணாரு, பிரமாதம், நான் அடிக்கடி கேக்குறேன். ஆனா அங்க பழைய மிக்ஸும் பக்கத்துலயே இருக்கு, 2009 ரீமாஸ்டரா, எது வேணுமோ தட்டிக் கேட்டுக்கலாம்.

மார்ட்டின் 2016 மார்ச்சுல போயிட்டாரு, எமரிக் 2018ல. இனிமே அவங்க ரெண்டு பேரும் உக்காந்து இன்னொரு மிக்ஸ் பண்ணித் தரப் போறதில்ல.

அதனால ஒரே ஒரு கோரிக்கை. அந்த 12 பாட்டு, அதே வரிசை, 1982 மிக்ஸ், டெமோ வேண்டாம், படப் புத்தகம் வேண்டாம், டிவிடி வேண்டாம். ரீமிக்ஸ் பக்கத்துலயே தனியா ஏத்துங்க, முடிஞ்சா சாதா விலைக்கு ஒரு எல்பியும் போடுங்க. எல்பி போட்டா ரெண்டு எடுத்துக்கிறேன், ஒண்ணு எங்க அண்ணனுக்கு, அவரோட கேசட்டை ரொம்ப வருஷம் முன்னாடி நான்தான் சிக்க வச்சு அறுத்தேன், இன்னும் சொல்லிக் காட்டுறாரு.