தோப்பு விற்ற பணமும் ஒற்றைப் பங்கும்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். இரண்டு வாரமாக நல்ல மழை. தென்னையில் வெள்ளை ஈத் தொல்லை சற்றுக் குறைந்திருக்கிறது. உன் வீட்டுத் தங்கச்சியின் முழங்கால் வலி தேவலை என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். மற்ற சேதிகளை நேரில் பேசிக்கொள்ளலாம். வேலந்தாவளம் தோப்பின் மேற்குப் பாதியை விற்று, வரும் தொகை முழுவதையும் ஒரே நிறுவனத்தின் பங்கில் போட்டு இருபது வருடம் தொடாமல் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை.

ஒரே பங்கைப் பிடித்து வைத்தால் கோடியாகும் என்று காட்டப் பெங்களூரிலிருந்து தம்பி போட்டு அனுப்பிய இன்ஃபோசிஸ் மென்பொருள் நிறுவனக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிச் சரிபார்த்தேன். 1993இல் பங்கு 95 ரூபாய்க்கு வெளியானபோது 9,500 ரூபாய் கொடுத்து 100 பங்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 1994, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இலவசமாக இன்னொரு பங்கு, வந்ததில் அது 800 ஆகிறது. 2000இல் பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் ஐந்து ரூபாய்ப் பங்குகள் இரண்டாகப் பிரித்ததில் 1,600. 2004இல் ஒன்றுக்கு மூன்று போனஸ் வந்து 6,400. பிறகு 2006, 2014, 2015, 2018 என்று நான்கு முறை இரட்டித்து 1,02,400 பங்குகள். பங்கு ஒன்று 1,500 ரூபாய் என்று கொண்டால் 15 கோடியே 36 லட்சம். இடையில் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்கு வந்த டிவிடெண்ட் தனி. தம்பியின் கணக்கில் ஒரு பைசா பிழையில்லை.

ஆனால் அந்த 100 பங்கையும் முப்பது வருடத்துக்கு மேல் தொடாமல் வைத்திருந்த மனிதன் யார் என்று யோசித்துப் பார். அந்த வெளியீட்டுக்கு அன்று முழுமையாக விண்ணப்பம்கூட வரவில்லை. கணினி மென்பொருள் என்றால் என்னவென்று நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? துணிந்து வாங்கியவனுக்கும் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த 9,500 ரூபாய் ஒரு கோடியைத் தாண்டியிருக்கும். மகளுக்குக் கல்யாணம் வைத்தவனோ வீடு கட்ட நினைத்தவனோ அன்றைக்கு விற்றிருந்தால் அவனை நான் குறை சொல்லவே மாட்டேன்; அவன் செய்தது நியாயம். விற்காமல் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கோ, அடுத்த ஒன்றரை வருடத்தில் அதில் பெரும்பகுதி கண்ணெதிரே கரைந்தது. பிறகு 2003 ஏப்ரல் 10ஆம் தேதி, வரும் ஆண்டின் வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு இருக்காது என்று நிறுவனம் அறிவித்ததும், ஒரே நாளில் பங்கின் விலை நான்கில் ஒரு பாகத்துக்கு மேல் விழுந்தது. இத்தனையையும் பார்த்துக்கொண்டு கை நடுங்காமல் இருந்திருக்க வேண்டும். இன்று காகிதத்தில் பெருக்கிப் பார்க்கும்போது அந்த இரவுகள் கணக்கில் வருவதில்லை.

நீ எழுதியிருந்த அமேசான் கதையும் இப்படித்தான். 1997 மே மாதம் 18 டாலருக்கு வெளியான ஒரு பங்கு, பிரிப்புகளுக்குப் பின் இன்று 240 பங்குகள் என்பது உண்மை. ஆனால் 1999 டிசம்பரில் 100 டாலரைத் தாண்டி நின்ற விலை 2001 இலையுதிர் காலத்தில் 6 டாலருக்கும் கீழே போனது. பழைய உச்சத்தை மீண்டும் தொட 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறு ரூபாய் ஆறு ரூபாயானால், மறுபடி நூறாவதற்கு அது பதினாறு மடங்குக்கு மேல் ஏற வேண்டும். உச்சத்தில் வாங்கியவனுக்கு, போட்ட பணம் திரும்பக் கண்ணில் படவே பத்து வருடம் ஆயிற்று. நமக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது என்பதை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் சரிக்குச் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வருடம் 50 சதவீதம் ஏறி, மறுவருடம் 40 சதவீதம் இறங்கும் பங்கை எடுத்துக்கொள். சராசரி போட்டால் வருடத்துக்கு 5 சதவீத லாபம் போலத் தெரியும். நூறு ரூபாய் முதலில் 150 ஆகும். அதில் 40 சதவீதம் போனால் மிஞ்சுவது 90. இதே ஆட்டம் இன்னும் இரண்டு வருடம் தொடர்ந்தால் 81. வங்கியில் இத்தனை வருடம் வட்டிக் கணக்கு எழுதிய எனக்கே இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று நம்ப முடியவில்லை. விலை எவ்வளவு அதிகமாக ஆடுகிறதோ, அவ்வளவுக்கு அந்த ஆட்டமே போட்ட முதலைத் தின்னும்.

என் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் பத்திரிகைகளோடு, இன்னொரு நிறுவனத்தின் பங்குப் பத்திரம் கிடக்கிறது. 1994இல் பொள்ளாச்சியில் விண்ணப்பம் வாங்கி, மூன்று மாதச் சம்பளத்தைப் போட்டேன். ஓரத்தில் பச்சை நிறக் கொடிவேலைப்பாடு, நடுவில் என் பெயர் தட்டச்சில், மூலையில் ஊக்கு துருப்பிடித்த பழுப்பு வட்டம். முதல் இரண்டு வருடம் ஆண்டறிக்கை வந்தது. பிறகு நான் அனுப்பிய கடிதங்கள் முகவரியாளர் இல்லை என்று திரும்பி வந்தன. அந்தக் காலத்தில் வெளியீடு செய்து பணம் திரட்டிய பல கம்பெனிகளை அரசே பின்னாளில் ‘காணாமல் போன நிறுவனங்கள்’ என்று பட்டியல் போட்டது. இன்ஃபோசிஸ் கணக்கைப் போடுகிறவர்கள் இந்தப் பத்திரத்துக்கு ஒரு கணக்கும் போடுவதில்லை.

என் ஒருவன் அனுபவம் மட்டும் இதுவென்று நினைத்துவிடாதே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பெசெம்பைண்டர் என்பவர், 1926 முதல் அமெரிக்கச் சந்தையில் இருந்த ஏறத்தாழ 25,300 நிறுவனங்களை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தச் சந்தை உண்டாக்கிய நிகரச் செல்வம் முழுவதும் நூற்றுக்கு நான்கு நிறுவனங்களிலிருந்தே வந்தது. ஏழில் நான்கு பங்குகள் தம் ஆயுள் முழுவதும் சேர்த்தும் அரசின் ஒரு மாதக் கடன் பத்திரம் தந்த அளவைக்கூடத் தரவில்லை. நீ தேர்ந்தெடுத்திருக்கும் நிறுவனம் அந்த நூற்றுக்கு நான்கில் ஒன்றாக இருக்கலாம். இருக்காது என்று சொல்ல நான் யார்? ஆனால் சந்தை முழுவதையும் சேர்த்து வாங்கும் குறியீட்டு நிதியில் போட்டால், அந்த நான்கு எவை என்று நீ ஊகிக்கவே தேவையில்லை; அவை தாமாகவே உள்ளே இருக்கும்.

தம்பியின் நம்பிக்கையை முறிக்க எனக்கு மனமில்லை. தொகையில் பத்தில் ஒரு பங்கை அவன் சொல்லும் பங்கில் போடு. அது முழுதும் போனாலும் உங்கள் இருவருக்கும் மருந்துச் செலவு தடைப்படாது. ஐந்து வருடச் செலவுக்கானதை முதலில் வங்கியில் வைப்புத் தொகையாக ஒதுக்கிவிடு. மீதியைக் குறியீட்டு நிதியில் ஒரே நாளில் போடாமல் மாதாமாதம் போடு. எதைச் செய்தாலும் தங்கச்சியின் பெயரை நாமினியாகப் பதிய மறக்காதே.

கிரயம் அடுத்த மாதம் என்கிறாய். அதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பச்சைப் பத்திரத்தையும் கணக்கு நோட்டையும் எடுத்து வருவேன். தம்பியையும் அன்று போனில் இருக்கச் சொல்.

உன் அன்புத் தோழன்