பூச்சு போதாது, பாலத்துக்கு அடியில் வந்து பாருங்கள்

குமரி மாவட்டப் பாலங்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் வள்ளத்தில் ஆறு கடலில் சேரும் எங்கள் ஊர்ப் பொழிமுகத்தின் பாலத்துக்கு அடியில் போனேன். இரண்டு வருடத்துக்கு முன் உத்திரத்தில் உடைந்த இடத்தை மூடி வைத்த பூச்சு அப்படியே இருக்கிறது. அதை ஒட்டிய பழைய கான்கிரீட்தான் புதிதாக வெடித்திருக்கிறது. தட்டினால் பொள்ளென்று சத்தம். ஒரு சில்லு கையோடு வந்தது. உள்பக்கம் முறுக்குக் கம்பியின் வரிகள் துருநிறத்தில் அச்சாகப் பதிந்திருந்தன. சில்லின் கனம் 25 மி.மீ. கூட இல்லை. கடல் சாரல் படும் இடத்தில் கம்பிக்கு மேல் 50 மி.மீ., கடலோதம் ஏறி இறங்கும் இடத்தில் 75 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456.

22 வருடம் கம்பி கட்டிய கை இது. அதனால்தான் மனசு கேட்கவில்லை.

கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கி அதை உடைக்கும். இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். உடைந்த இடத்தை மட்டும் பூசினால் அங்குள்ள கம்பி தப்பிக்கும். உப்பேறிய பக்கத்துக் கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கும். நான் பார்த்தது இதைத்தான்.

ஆகவே கம்பிக்குப் பின்பக்கம்வரை கொத்தி எடுங்கள். துருவை மணல் வீச்சால் நீக்குங்கள். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, பூச்சின் ஓரங்களில் ஆனோடு எனும் துத்தநாகக் கட்டியைக் கம்பியோடு இணைத்து வையுங்கள். கம்பிக்குப் பதில் அது கரையும். அதற்கு முன் கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து எங்கெல்லாம் அரிக்கிறது என்று பாருங்கள். வெளியே விரிசல் தெரியாத இடமும் அதில் பிடிபடும். அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது, கேட்கலாமே. அப்புறம், தளத்துத் தண்ணீர் உத்திரத்தில் வழியாதபடி வடிகுழாய்களையும் நீட்டிவிடுங்கள்.

2004 சுனாமி மணக்குடிப் பாலத்தை அடித்துப் போட்டபோது ஒரு பாலம் இல்லாவிட்டால் என்ன பாடு என்று பார்த்தோம். அன்று யாருக்கும் அவகாசம் இல்லை. துரு விஷயத்தில் இன்னும் அவகாசம் இருக்கிறது.

இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன் வாருங்கள். வள்ளம் நாங்கள் தருகிறோம். நீர் வற்றும் நேரத்தில் ஒவ்வொரு உத்திரத்தையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, கண்டதை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பொழிமுகக் கரையில் குடியிருக்கும் ஒரு கம்பி வேலைக்காரன்