உளவளத்துணைப் பயிற்சியில் மீள்நோக்கு ஆய்வுக்கு இடம் வேண்டி ஒரு திறந்த மடல்

திருகோணமலை

கிழக்கு மாகாணத்தில் உளவளத்துணைப் பயிற்சிநெறிகளை வகுப்போருக்கும் நடத்துவோருக்கும்,

மதிப்புக்குரியீர்,

திருகோணமலை நகரிலும் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பகுதிகளிலும் பல ஆண்டுகள் உளவளத்துணையாளராகப் பணியாற்றி, அண்மைக்காலமாகப் பயிலுநர்களின் சந்திப்புக் குறிப்புகளை வாசித்து அவர்களுக்கு வழிகாட்டியும் வருகின்ற ஒருவர் என்ற வகையில் இம்மடலை எழுதுகின்றேன். பயிற்சியின் முடிவில் சமர்ப்பிக்கவேண்டிய ஆய்வறிக்கையை, பயிலுநர் தாம் செய்த பணியைத் தாமே மீள்நோக்கி ஆராயும் ஆய்வாகவும் எழுத அனுமதியுங்கள் என்பதும், அதற்கு வேண்டிய நேரத்தையும் வழிகாட்டலையும் பாடத்திட்டத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள் என்பதும் என் வேண்டுகோள்.

என் கைக்கு வரும் அறிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை வினாக்கொத்து ஆய்வுகள். நானும் அப்படித்தான் எழுதினேன். பாடசாலை மாணவர் அறுபது பேரிடம் மன அழுத்தம் பற்றிய வினாக்கொத்தைக் கொடுத்து, விழுக்காடு கணித்து, வட்ட வரைபடம் வரைந்து, சித்தியும் பெற்றேன். அத்தகைய ஆய்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு பிரதேசத்தில் எத்தனை பேர் உறக்கமின்றித் தவிக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமல் அறியமுடியாது. ஆனால் அதே மாதங்களில்தான் என் முதற் சேவைநாடிகளின் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் என்ன சொன்னேன், எதைக் கேட்கத் தவறினேன், எந்த இடத்தில் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள் என்பவற்றில் ஒரு வரிகூட அந்த அறிக்கையில் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

அதன் விலை எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, ஒரு சந்திப்பைச் சொல்கின்றேன். மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். போர்க்காலத்தில் காணாமற்போன மகனைப் பற்றி முதன்முறையாக நீளப் பேசிக்கொண்டிருந்தவர், நான் “இழப்பை ஏற்றுக்கொள்ளக் காலம் எடுக்கும், அம்மா” என்று சொன்னதும் நிறுத்திவிட்டார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “பஸ் போயிடும், நான் வாறன் பிள்ளை” என்று எழுந்து போனவர் அடுத்த தவணைக்கு வரவில்லை. ‘யதார்த்தத்தை ஏற்க மறுக்கிறார்’ என்று அவருடைய கோவையில் எழுதி வைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, மூத்த உளவளத்துணையாளர் ஒருவர் அந்தச் சந்திப்பை நினைவில் இருந்தவரை சொல்லுக்குச் சொல் எழுதிவரும்படி கேட்டார். எழுதியபின் வாசித்தபோது கண்ணில் பட்டது ஒரு வினைமுற்று. “அவனுக்குச் சூடைப் பொரியல் எண்டாப் பிடிக்கும்” என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். “வேறென்ன விரும்பிச் சாப்பிட்டார்?” என்று நான் கேட்டிருக்கின்றேன். அவர் உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிப் பேச, நான் இறந்தகாலத்தில் வினவியிருக்கின்றேன். தமிழில் அதற்குப் பெயரே இறந்தகாலம். ‘இழப்பு’ என்ற சொல்லுக்கு முன்பே, என் கேள்வி அவருடைய மகனுக்குக் காரியம் செய்து முடித்துவிட்டது.

அந்தச் சொல் என்னிடம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, 2004 டிசெம்பர் 26 சுனாமியில் நாங்கள் இழந்த சித்தப்பா நினைவுக்கு வந்தார். அவருடைய உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. அந்தியேட்டி வரை எல்லாவற்றையும் முறைப்படி செய்தோம். அந்த முப்பத்தோராம் நாளில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஆறுதலை, உடலும் கிடைக்காத, செய்தியும் கிடைக்காத ஒரு தாய்க்கு நான் கொடுக்க முயன்றிருக்கின்றேன்.

இதுவரை சொன்னது வெறும் தன்னுணர்வுதான். ஆய்வு இதற்குப் பிறகே தொடங்கியது. காணாமற்போனோரின் குடும்பத்தாருடன் நான் நடத்திய வேறு பதினொரு சந்திப்புகளின் குறிப்புகளை எடுத்து, மரணம் நிகழ்ந்துவிட்டது என்ற துணிவை என் சொற்கள் எங்கெங்கே கொண்டுவருகின்றன என்ற ஒரே கேள்வியோடு வாசித்தேன். நான்கில் அதே தவறு இருந்தது. தெளிவற்ற இழப்பு என்ற கருத்தை 1970களிலிருந்து வளர்த்தெடுத்த அமெரிக்க அறிஞர் பவுலின் பாஸின் எழுத்துகளைத் தேடிப் படித்தேன். உடல் அருகில் இல்லாமலும் உறவு மனத்தில் முடியாமலும் இருக்கும் நிலையில், முடித்துவைக்கச் சொல்லி வற்புறுத்துவதே புதிய துன்பமாகிவிடும் என்று அவர் விளக்குவது என் குறிப்புகளோடு பொருந்தியது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னரே, இத்தகைய குடும்பங்கள் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனவர் என்ற சான்றிதழைப் பெறும் வழி பிறந்தது. அந்த வேறுபாடு அந்தத் தாய்மாருக்கு எவ்வளவு பெரிது என்பதும் அப்போதுதான் விளங்கியது. கேள்விகளை மாற்றினேன், மாற்றியபின் சந்திப்புகள் எப்படிப் போயின என்பதையும் பதிந்தேன், மாதம் ஒருமுறை சகபணியாளர் இருவரிடம் அவற்றைக் காட்டி, நான் காணத் தவறியதைக் கேட்டுக்கொண்டேன். கேள்வி, தரவு, முன்னைய அறிவு, மாற்றம், மாற்றத்தின் விளைவு, பிறரின் சோதனை ஆகிய எல்லாம் இதில் உள்ளன. ஆய்வு என்று சொல்வதற்கு இன்னும் எது குறைகிறது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இந்த வழி புதியதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கற்பித்த டொனால்ட் ஷோன், பணியாளர் பணியின் நடுவிலும் பணிக்குப் பின்னும் எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்பதை 1983இல் ஒரு நூலாக எழுதியபோது, பொறியியல், கட்டடக்கலை முதலியவற்றோடு உளச்சிகிச்சைப் பயிற்சியையும் எடுத்துக்கொண்டார். உயர்ந்த உறுதியான நிலத்தில் நின்றால் நுட்பமான முறைகளைக் கையாளலாம், ஆனால் மனிதருக்கு முக்கியமான சிக்கல்கள் சதுப்பில்தான் கிடக்கின்றன என்பது அவருடைய உவமை. தம்பலகாமத்தில் பள்ளக்காணி செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பயிலுநர் ஒருவரும் அவருடைய வழிகாட்டியும் பேசிக்கொள்வதை அதே நூலில் ஆராயும் ஷோன், வழிகாட்டி திறமையாகச் செய்துகாட்டினாலும் தம் சிந்தனை எவ்வழியே போயிற்று என்பதைத் திறந்து காட்டவில்லை என்று குறை காண்கிறார். அந்தக் குறை எங்களைப் போன்ற வழிகாட்டிகளுக்கும் உரியது. நம்மிடையே ‘மேற்பார்வை’ என்றதும் வரவுப் பதிவேட்டைச் சரிபார்க்க வரும் அதிகாரியே நினைவுக்கு வருகிறார். நான் கேட்பது அந்த மேற்பார்வையன்று; தம் சிந்தனையையும் திறந்து காட்டும் வழிகாட்டல்.

ஒலிப்பதிவு பற்றி ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜர்ஸ் உளச்சிகிச்சைச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, 1942இல் ஒரு முழுச் சிகிச்சையின் உரையாடலையும் அச்சில் வெளியிட்டார். பயிற்சிக்கு அது அரிய வழி. எனினும், விசாரணைகளையும் சுற்றிவளைப்புகளையும் கடந்துவந்த மக்களிடம் மேசைமேல் ஒரு பதிவுக் கருவியை வைத்தால், சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட்ட பின்னும் அவர்கள் அளந்துதான் பேசுகிறார்கள். ஆகவே, சந்திப்பு முடிந்த அன்றே நினைவிலிருந்து எழுதும் சொல்லுக்குச் சொல் குறிப்பையே எங்கள் மாவட்டத்தில் அடிப்படைத் தரவாக ஏற்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நினைவு பிழைக்கும் என்பது உண்மை. எதை மறந்தோம் என்பதும் ஆராயத்தக்கதே.

அந்தக் குறிப்பு தமிழில் இருக்கவேண்டும். நெஞ்சடைப்பு, பெருமூச்சு, தலை விறைப்பு என்று மக்கள் சொல்வதை ஆங்கில நோய்ப்பெயராக்கி எழுதப் பயிலுநர்கள் பழகிவிடுகிறார்கள். நான் சொன்ன சந்திப்பை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதியிருந்தால் ‘பிடிக்கும்’ என்ற சொல் என் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

இம்முறையில் ஆபத்துகளும் உண்டு. அவற்றை நான் அறிவேன். எங்கள் ஊர் சிறியது. ஒழுங்கையின் பெயரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் போதும், யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும். பெயரை மாற்றினால் இரகசியம் பேணியாகிவிட்டது என்று எண்ணும் பயிலுநரிடம் இவ்வாய்வை ஒப்படைக்கக்கூடாது. துணை தேடி வந்தவர் எங்களிடம் நன்றிக்கடன் உள்ளவராக உணர்வதால் ‘இல்லை’ என்று சொல்லத் தயங்குவார். எனவே சம்மதத்தைச் சந்திப்புகள் முடிந்த பின்னர் வேறொருவர் மூலம் மீண்டும் கேட்கவும், அறிக்கை கையளிக்கப்படும் வரை அவர் அதை மீளப்பெறவும் விதி வேண்டும். ஆய்வின் மையம் பயிலுநரின் செயலாக இருக்கவேண்டுமேயன்றிச் சேவைநாடியின் வாழ்க்கைக் கதையாக ஆகிவிடக்கூடாது.

இன்னோர் ஆபத்து, மீள்நோக்கைப் புள்ளிக்குரிய பாவமன்னிப்பாக்கிவிடுவது. நாட்குறிப்புக்குப் புள்ளி போட்டால், வாசிப்பவர் விரும்பும் கண்ணீரைப் பயிலுநர் எழுதுவார். இடப்பெயர்விலும் சுனாமியிலும் தாமே காயப்பட்டவர்கள் எங்கள் பயிலுநரில் பலர். அவர்களுடைய சொந்தத் துயரத்தை அறிக்கையில் வைக்கும்படி எவரும் கேட்கக்கூடாது. நாட்குறிப்பு அவருடையதாகவே இருக்கட்டும்; அதிலிருந்து அவர் தெரிந்தெடுத்து எழுதும் ஆய்வை மட்டும் மதிப்பிடுங்கள். வழிகாட்டியும் பரீட்சகரும் ஒருவராக இருக்கவேண்டாம்.

தன்னைத் தானே ஆராய்வது பக்கச்சார்பானது என்ற மறுப்பு எழும். ஆசிரியப் பயிற்சியில் செயல்நிலை ஆய்வு பல காலமாக ஏற்கப்பட்டிருக்கிறது. தம் வகுப்பறையில் தாம் கற்பித்த விதத்தையே ஆசிரியர்கள் ஆராய்கிறார்கள். அவர்களுக்குப் பொருந்துவது எங்களுக்கு ஏன் பொருந்தாது? தமக்கு ஒவ்வாத சான்றுகளையும் பயிலுநர் முன்வைத்திருக்கிறாரா, சகபணியாளரின் மாற்றுவிளக்கங்களுக்கு முகங்கொடுத்திருக்கிறாரா, அவருடைய பணியில் எது மாறியது என்று காட்டியிருக்கிறாரா என்று பார்த்தால், நல்ல ஆய்வையும் வெறும் புலம்பலையும் பரீட்சகர் பிரித்தறியலாம்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது இதைப் பேச அழைத்தால், என் குறிப்புக் கொப்பிகளில் காட்டக்கூடிய பக்கங்களோடு வருவேன். ஏற்கவேண்டிய காரணம் உண்டா இல்லையா என்பதை அப்பக்கங்களை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
உளவளத்துணையாளர் ஒருவர்